மூன்றாவது கோடு

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். யார் வைத்ததோ தெரியாது, வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம். மற்றவர்கள் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமை வரி வரியாகப் படித்து, இங்கே ஓட்டை, அங்கே ஒட்டு என்று திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அவள் மேசைக்குப் போன எதுவும் கீறல் படாமல் திரும்பியதில்லை. அவள் தும்மினால்கூட எதிரே உட்கார்ந்திருப்பவர்கள், நம்முடையதில்தான் எதையோ பிடித்துவிட்டாள் என்று நடுங்குவார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். இறங்கிப் போன பிறகு, இழுத்துப் பார்த்தோமா என்ற சந்தேகத்தில் மறுபடி மாடி ஏறுவாள். புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். "உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு அப்புறம் நான் ரிப்பேர் பண்ண லிஃப்டுல ஏறவே எனக்குப் பயமா இருக்கு," என்பான். சொல்லிவிட்டு அவனும் ஒருமுறை கதவை இழுத்துப் பார்ப்பான். பழக்கம் ஒட்டிக்கொண்டது.

அந்த வீட்டில் அவளுக்கு ஈடு கொடுக்கக்கூடிய ஒரே ஆள் மாமியார். இருவரும் எலியும் பூனையும். எது எலி, எது பூனை என்பது அன்றன்றைக்கு மாறும். ஒரு மழைக்காலத்தில் இரண்டு பேரும் தனித்தனியாகப் போய் ஒரே கடையில் ஒரே மாதிரி கறுப்புக் குடையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மறுநாள் காலை அவசரத்தில் மருமகள் மாமியாரின் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் வாசலிலேயே பஞ்சாயத்து தொடங்கியது.

"ரெண்டும் ஒண்ணுதானே அத்தை. அதே கலர், அதே கைப்பிடி. எதை எடுத்தா என்ன?"

"ஒரே மாதிரி இருந்தா ஒண்ணாயிடுமா? இது என் குடை, அது உன் குடை. நாளைக்கு என்னை மாதிரியே இன்னொருத்தி வந்து நின்னா, அவளையும் அத்தைன்னு கூப்பிட்டு உள்ள உக்கார வைப்பியா?"

"ஒருத்தியையே சமாளிக்க முடியல," என்று மருமகள் உள்ளே போய்விட்டாள். அதைக் கேட்டு மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் இப்படி முட்டிக்கொள்கிறவள், படி இறங்கிவிட்டால் வேறு ஆள். மருந்துக்கடையில், பஸ்ஸில், முடிவெட்டும் கடை வாசலில், எங்கே நின்றாலும் மருமகள் புராணம்தான். "ஆஸ்பத்திரியில மருந்து சரியா தப்பான்னு பாக்குற மிஷின் இருக்கே, அதுக்குள்ள மூளை வச்சது எம் மருமக."

அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கதை.

அவள் வேலை பார்த்த கம்பெனி சின்னது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி, ஜன்னல் ஓரமாக ஒரு டீ மிஷின், பத்துப் பதினைந்து நாற்காலி. அவ்வளவு சின்ன இடத்துக்கு ஊரின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேலை வந்தது. நோயாளியை அட்மிஷன் போடும்போது எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுப் பதிவு செய்வார்கள். கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். வார்டில் ஊசி போட வரும் நர்ஸ் முதலில் அந்தப் பட்டையை ஸ்கேன் செய்வார், அடுத்து மருந்துப் புட்டியில் இருக்கும் கோடுகளை ஸ்கேன் செய்வார். புட்டியில் இருப்பது எந்த மருந்துக் குடும்பம், நோயாளிக்கு ஆகாதது எது, இரண்டு பெயரையும் மிஷின் ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் திரை சிவப்பாகிக் கத்தும். இல்லாவிட்டால் பச்சை வரும், போடலாம்.

எவ்வளவு பெரிய புரோகிராமாக இருந்தாலும் அதன் உயிர் ஒரே ஒரு வரியில் இருந்தது. இந்தப் பெயரும் அந்தப் பெயரும் சமமா என்று கேட்கும் வரி. அதை எழுதியவருக்கு அலுவலகத்தில் தலையாட்டி என்று பெயர். நல்ல வேலைக்காரர், யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவார் என்பதுதான் குறை. அவர் இரண்டு சமக்குறி போட்டிருந்தார்; அலுவலகப் பேச்சில் ஒரு சமக்குறி என்றால் ஒரு கோடு. பூதக்கண்ணாடி அதைப் பார்த்ததும் அவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க இது, ரெண்டு கோடு?"

"ரெண்டு போதும்னு நெனச்சேன் மேடம். இந்த மொழியில..."

"உயிர் விஷயம். ரெண்டு கோட்டை நம்பி ஆஸ்பத்திரி நடத்த முடியாது. மூணு போடுங்க."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவள் வருஷக்கணக்கில் உழன்றது வேறொரு மொழியில், இணையப் பக்கங்களுக்கு எழுதும் மொழியில். அங்கே இரண்டு கோடு சுத்த ஏமாளி. எண் ஐந்தையும், எழுத்தாக அடித்த ஐந்தையும் ஒன்று என்று ஒத்துக்கொண்டுவிடும். மூன்று கோடு போட்டால்தான் கறாராகப் பார்க்கும். அந்த மொழிக்காரர்களுக்கு இது பால பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்று என்பார்கள். ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்துக்கொண்டதோ புது மொழி. அதில் மூன்று கோட்டுக்கு அர்த்தம் வேறு என்று ஆரம்பத்தில் நடந்த வகுப்பில் சொல்லியும் இருந்தார்கள். அவள் காதில் விழுந்தது, கையில் இறங்கவில்லை.

தலையாட்டி வாயைத் திறந்தார், மூடினார், தலையாட்டினார். மூன்றாவது கோடு விழுந்தது. சோதனை போட்டுப் பார்த்தார்கள். அவளே உட்கார்ந்து, நோயாளிக்கு ஆகாதது பெனிசிலின் என்று ஒரு வரியும், புட்டியில் இருப்பது பெனிசிலின் என்று அடுத்த வரியும் அடித்து ஓட்டினாள். திரை பளீரென்று சிவந்து கத்தியது. முதலாளி கை தட்டினார். அன்று எல்லோருக்கும் கேக் வந்தது. அவள் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள், அதில் தப்பில்லை என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள்.

மிஷின் வார்டுக்குப் போய்ச் சில மாதம் கழித்து மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு தப்பித்தது, காலில் பட்ட காயம் சீழ் வைத்துக்கொண்டது. அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அட்மிஷன் மேசையில் இருந்த பெண், எந்த மருந்தாவது ஒத்துக்காதா என்று கேட்டதும் மாமியாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கல்யாணமான புதிதில் தொண்டை வலிக்கு ஒரு பெனிசிலின் ஊசி போட்டதும், நாக்கு தடித்து, மூச்சடைத்து, சாவின் வாசல் வரை போய் வந்ததும் ஒரு பெரிய கதை. வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தப் பெண்ணுக்கும் முழுதாகச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். எல்லாம் ஒழுங்காகப் பதிவானதை மருமகள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

கட்டிலுக்கு வந்து படுத்தவுடன் மாமியார் பிரசாரத்தைத் தொடங்கிவிட்டாள். தரை துடைப்பவர், சாப்பாட்டு வண்டி தள்ளுபவர், எதிர் அறை அம்மா, எல்லோருக்கும் அந்த மிஷினை எழுதியது யார் என்று தெரிந்துவிட்டது. எதிர் அறை அம்மா வெந்நீர்ப் பிளாஸ்க்கும் கையுமாக மருமகளைப் பார்க்கவே வந்தாள். வெளுத்த நூல் புடவை, தூங்காத கண்.

"நீங்கதானாம்மா அது? நல்லா இருக்கணும். எங்க வீட்டுக்காரர் எதிர்ல இருக்கார். பல்லுல சீழ் வச்சுத் தாடை வீங்கி வந்தோம். வந்த இடத்துல மூச்சு நின்னு, எப்படியோ பொழச்சார். பேச்சுதான் இன்னும் வரல. சீழோட விஷம் ரத்தத்துல ஏறிடுச்சுங்கறாங்க. மருந்து மேல சந்தேகமே இல்ல, மிஷின் பச்சை காட்டிடுச்சுன்னு சொன்னாங்க. ஏதோ, அந்த ஒரு நிம்மதியாவது இருக்கு."

பூதக்கண்ணாடிக்குப் பாவமாக இருந்தது. கூடவே, உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. "சரியாயிடும்மா," என்றாள். இந்த ஒரு வார்த்தை பின்னால் அவளை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அடுத்த நாள் மத்தியானம் டாக்டர் வந்து காயத்தைப் பார்த்தார். சீழ் அடங்கவில்லை, ஊசியை மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் புது மருந்தோடு வந்தார். வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. மாமியார் கையைத் தானே தூக்கி நீட்டினாள், ஏதோ பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

நர்ஸ் பட்டையை ஸ்கேன் செய்தார். புட்டியை ஸ்கேன் செய்தார். பச்சை வந்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு சுருக்கா சொல்லிடுச்சு," என்றாள் மாமியார். "எம் மருமக எழுதினது. போடுங்க சிஸ்டர்."

நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு காலிப் புட்டியை மேசைமேல் வைத்தார். பூதக்கண்ணாடி சும்மா இருக்க மாட்டாளே, கையில் எடுத்து லேபிளைப் படித்தாள். ஆஸ்பத்திரியின் மருந்துப் பெயர்களையெல்லாம் மிஷினில் ஏற்றியவள் அவள்தான். எந்தப் பெயர் எந்தக் குடும்பம் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெயரைப் படித்தாள். தூக்கிவாரிப் போட்டது. இது பெனிசிலின் குடும்பம்.

நர்ஸின் கையை எப்படிப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஊசி முனை, மாமியார் கையில் சொருகியிருந்த குழாயின் வாயைத் தொட்டபடி நின்றது. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

"என்னம்மா பண்றீங்க, விடுங்க," என்றார் நர்ஸ்.

"போடாதீங்க. இது அத்தைக்கு ஆகாது."

"பச்சை வந்துடுச்சே."

"ஏண்டி, நர்ஸம்மா கையைப் புடிச்சு இழுக்குற? மரியாதை தெரியாதா?" இது மாமியார்.

"மறுபடியும் ஸ்கேன் பண்ணுங்க சிஸ்டர். தயவுசெஞ்சு."

நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி ஸ்கேன் செய்தார். மறுபடி பச்சை. அவள் திரையைத் தொட்டு விவரத்தைத் திறந்தாள். நோயாளிக்கு ஆகாதது: பெனிசிலின். அதற்குக் கீழே, மருந்துக் குடும்பம்: பெனிசிலின். அதற்கும் கீழே, பச்சைக் கட்டத்துக்குள், தடையில்லை.

நர்ஸ் குனிந்து படித்தார். படித்ததையே இன்னொரு முறை படித்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் வடிந்துவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"அப்புறம் ஏன் மிஷின் ஒண்ணு இல்லங்குது?"

வகுப்பில் காதோடு நின்றுபோன பாடம், இப்போது முழுதாக உள்ளே இறங்கியது. புது மொழியில் இரண்டு கோடு, எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்க்கும். அதுதான் வேண்டும். மூன்று கோடு எழுத்தையே பார்க்காது. இரண்டும் கம்ப்யூட்டருக்குள் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பொருள்தானா என்று மட்டும் கேட்கும். அதே கலர், அதே கைப்பிடி என்றால் அதற்குப் போதாது, அதே குடையாக இருக்க வேண்டும்.

சோதனையில் எப்படிச் சிவப்பு வந்தது என்பதும் அதோடு புரிந்தது. புரோகிராமுக்குள்ளேயே ஒரு சொல்லை இரண்டு இடத்தில் எழுதினால், அந்த மொழி சிக்கனமாக ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் அதையே கொடுத்துவிடும். அவள் கையால் அடித்த இரண்டு பெனிசிலினும் உள்ளே ஒரே குடை. வார்டில் அப்படி இல்லை. ஒன்று அட்மிஷன் மேசையிலிருந்து வந்தது, மற்றது புட்டியிலிருந்து வந்தது. இரண்டு குடை. எத்தனை நோயாளி வந்தாலும் இரண்டு குடைதான். இந்த ஆஸ்பத்திரியில் அந்தத் திரை ஒருநாளும் சிவந்திருக்காது.

"சிஸ்டர், இது வந்ததுலேர்ந்து எப்பவாவது சிவப்பு வந்திருக்கா?"

நர்ஸ் யோசித்தார். "எனக்கு வந்ததில்ல. மத்தவங்களும் சொன்னதில்ல. நாங்க, பரவாயில்லையே, டாக்டருங்க எல்லாரும் ஜாக்கிரதையா எழுதுறாங்கன்னு நெனச்சோம்." திரையைப் பார்த்தபடி சொன்னார். "முன்னெல்லாம் ஊசி போடுறதுக்கு முன்னாடி வாயால கேப்போம், எதாவது மருந்து ஆகாதான்னு. மிஷின் வந்ததுக்கு அப்புறம் கேக்குறதில்ல."

அவள் அங்கேயே நின்றபடி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். தலையாட்டிதான் எடுத்தார்.

"ஆஸ்பத்திரி மிஷினை உடனே நிறுத்துங்க. எந்த வார்டுலயும் பச்சையே வரக்கூடாது. நிறுத்திட்டு, அந்த ஒப்பிடுற வரியில மூணாவது கோட்டை எடுங்க."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் மெல்ல வந்தது. "நிறுத்திட்டேன் மேடம். இப்போ எல்லா இடத்துலயும் 'டாக்டரைக் கேளுங்க'ன்னுதான் வரும்."

"உங்களுக்கு அன்னிக்கே தெரியும், இல்ல?"

"சந்தேகம் இருந்துச்சு."

"ஏன் விட்டீங்க?"

"நீங்க பாத்துட்டீங்களேன்னு."

அவள் போனை வைத்தாள். நர்ஸ் அதற்குள் ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடப் போனவர், வாசலில் நின்று திரும்பினார். அவர் பார்வை எதிர் அறைக் கதவின் மேல் இருந்தது. அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நர்ஸ் தாழ்ந்த குரலில், "அவருக்கு மூச்சு நின்ன மறுநாளும் அதே மருந்துதான் போட்டோம். பச்சை வந்துச்சுல்ல," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நாக்கு தடித்துச் செத்துப் பிழைத்த கதையை ஊருக்கெல்லாம் சொன்னவள், இப்போது தன் கையில் சொருகிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாகிட்ட என்ன சொல்லப் போற?" என்று கேட்டாள் கடைசியில்.

"நடந்ததை."

"முதல்ல உங்க முதலாளிகிட்டயோ வக்கீல்கிட்டயோ கேட்டுக்க. உன்னை உள்ள தள்ளிடுவாங்கடி."

"தள்ளட்டும் அத்தை."

மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டாள். விட மனசில்லை என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது. அப்புறம் விட்டாள். போகும் முன் மருமகள் மிஷினில் எதிர் அறைக்காரரின் பதிவைத் திறந்து, ஆகாத மருந்தையும் போட்ட மருந்தையும் படித்துக்கொண்டாள்.

எதிர் அறையில் திரைச்சீலையைப் பாதி இழுத்து விட்டிருந்தார்கள். அந்த மனிதர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கைவிரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "வாம்மா, உக்காரு."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். கோடு, குடை என்று எதையும் சொல்லி மழுப்பவில்லை. மிஷின் காட்டிய பச்சை தப்பு என்றாள். அது யாருக்கும் சிவப்புக் காட்டவே முடியாதபடி ஆனதற்கு, தான் சொல்லி மாற்றவைத்த ஒரு வரிதான் காரணம் என்றாள். உங்கள் வீட்டுக்காரருக்குப் போட்ட மருந்துதான் அவருக்கு ஆகாத மருந்து, டாக்டர் இப்போது வந்து பார்ப்பார் என்றாள்.

திட்டுவாள், அடிப்பாள், கத்திக் கூட்டம் சேர்ப்பாள் என்று எதிர்பார்த்து நின்றாள். அந்த அம்மா அப்படி எதுவும் செய்யவில்லை. கணக்கு வராமல் முழிப்பவள் மாதிரி அவளைப் பார்த்தாள்.

"எது ஆகாதுன்னு பதிஞ்சிருக்கு அவருக்கு?"

"பெனிசிலின்."

"அதைத்தானே நான் சொன்னேன். பேரைப் பதியும்போது சொன்னேன். ஊசி எடுத்துட்டு வந்தப்பவும், இது அந்த மருந்து இல்லையேன்னு கேட்டேன். மிஷின் பாத்துடுச்சும்மா, பச்சை வந்துடுச்சு, நீங்க வெளிய இருங்கன்னாங்க. வெளிய போய் நின்னேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அப்புறம் இப்படி ஆனதும், நான்தான் மருந்து பேரை மாத்திச் சொல்லிட்டேன்னு நெனச்சேன். வேற ஏதோ பேரு, எனக்கு ஞாபகம் இல்லாம போச்சு, அதனாலதான் மிஷினால கண்டுபிடிக்க முடியலன்னு. தினமும் இவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன். பேரைக்கூட ஒழுங்கா ஞாபகம் வச்சுக்கத் தெரியாத பொண்டாட்டி ஆயிட்டேனேன்னு."

பூதக்கண்ணாடி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்போ நான் சொன்ன பேரு சரிதானா?"

"சரிதாம்மா. எழுத்துப் பிசகாம சரி."

அந்த அம்மா மெல்லத் திரும்பிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். புருஷனின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"கேட்டீங்களா," என்றாள். "நான் சரியாத்தான் சொன்னேனாம்."

அவர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.